உடையாத பல்

லோஷினியின் வலது கைச் சுண்டுவிரல் முழுதாக நீளாது. தேநீர் கிளாஸைப் பிடிக்கும்போது மற்ற விரல்கள் சுற்றிக்கொள்ள, அது மட்டும் உள்ளங்கைக்குள் சுருண்டு நிற்கும். அதை நசுக்கியவன் காளிதாஸ். நசுக்கியது அவளுடைய சொந்தக் கடையில், மேசையோரத்தில் அவளே போல்ட்டு போட்டு முடுக்கி வைத்த, இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸில்.

ஜொகூர் ஜெயாவில் ஒரு டயர் கடைக்கும் ஆ லெங்கின் லேத்துப் பட்டறைக்கும் நடுவே இருக்கிறது அந்தக் கடை. உடைந்த கியரைக் கொண்டுவந்து மேசையில் போட்டால் போதும். பல்லை எண்ணி, அளவெடுத்து, கணினியில் புதிதாக வரைந்து, சின்னதென்றால் முப்பரிமாணப் பிரிண்டரில் நைலானாக அச்சடித்துக் கொடுப்பாள். பெரியதென்றால் வரைபடத்தை ஆ லெங்கிடம் அனுப்புவாள். அவன் இரும்பில் கடைந்து தருவான். தேங்காய் துருவுகிற மெஷின், ரொட்டி மாவு பிசைகிற மெஷின், மெர்சிங்கிலிருந்து வருகிற மீனவர்களின் வலை இழுக்கும் மெஷின் என்று எல்லாவற்றின் வயிற்றுக்குள் இருந்ததும் அவள் மேசைக்கு வந்திருக்கிறது. அதிகமாக வருவது, வீட்டு வாசலில் மோட்டாரால் திறந்து மூடும் ஆட்டோகேட்டின் கியர்தான். அவள் தம்பி செல்வா வீடுவீடாகப் போய் ஆட்டோகேட் மாட்டுகிறவன். தேய்ந்ததைக் கழற்றிக்கொண்டு வருவான், புதியதை வாங்கிக்கொண்டு போவான்.

காளிதாஸ் வந்த அன்று காலை அவள் அப்படி ஒரு கியரைத்தான் வரைந்துகொண்டிருந்தாள். கூட இரண்டு பேர். ஒருவன் உள்ளே வந்ததும் ஷட்டரைப் பாதிக்கு இழுத்து இறக்கினான்.

"வேலை நடக்குதா தங்கச்சி?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான் காளிதாஸ்.

அவளுக்கு அவனைத் தெரியும். செல்வா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவனைத் தன் ரவுடிக் கூட்டத்தில் இழுத்துப் போட்டவன். யார் வீட்டுச் சாவு என்றாலும் கறுப்புச் சட்டை போட்ட ஒரு படையோடு வந்து பெட்டியைத் தூக்குகிறவன். கிட்டப் பேசியதில்லை. இப்போது பக்கத்தில் பார்த்தால் சாதாரண முகம், சவரம் செய்த கன்னம், சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி.

மேசை மேலிருந்த தேய்ந்த கியரை எடுத்து விரலில் சுற்றினான். "இது யாரு வீட்டுது தெரியுமா?"

"செல்வா கொண்டாந்தான். யாரு வீடுன்னு நான் கேக்கறதில்லண்ணே."

"மெய்யப்பன்னு ஒருத்தரு. நகைக்கடை வச்சிருந்தாரு. கடையை மூடிட்டாரு, நகையை மூடல. மகளுக்குக் கல்யாணம் வருது, எல்லாம் வீட்டுலதான் இருக்கு." கியரை வைத்துவிட்டுத் திரையைக் காட்டினான். "புதுசு பண்றப்போ இதைக் கொஞ்சம் நோஞ்சானா பண்ணிடு. பாத்தா நல்லா இருக்கணும். கேட்டு தொறக்கணும், மூடணும். ஆனா ரெண்டு மூணு பேரு சேந்து தோள் குடுத்தா பல்லு உதிரணும். அவ்வளவுதான் லா."

அவன் கேட்டது அவளுக்கு உடனே விளங்கியது. ஆட்டோகேட்டைப் பிடித்து நிறுத்துவது பூட்டு இல்லை. உள்ளே இருக்கிற அந்த உள்ளங்கையளவுச் சக்கரம்தான். திருகு போன்ற ஒரு தண்டின் பள்ளத்தில் அதன் பற்கள் உட்கார்ந்திருக்கும். மோட்டார் தண்டைத் திருப்பினால் சக்கரம் சுற்றும், கேட் நகரும். வெளியிலிருந்து எவ்வளவு தள்ளினாலும் தண்டு அசையாது, பல்லும் விடாது. பல் உதிர்ந்துவிட்டால் கேட் வெறும் தகரம். பட்டப்பகலில் மதில் ஏறிக் குதித்தால் தெருவே பார்க்கும். தள்ளித் திறந்து உள்ளே போகிறவனை யார் பார்ப்பார்கள்? வீட்டுக்காரன் என்று நினைப்பார்கள்.

"முடியாதுண்ணே," என்றாள்.

"ஏன், வரைய வராதா?"

"வரும். செய்ய மாட்டேன்."

காளிதாஸ் வருத்தப்படுகிறவன் போலப் பெருமூச்சு விட்டான். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்தான். கூட வந்தவர்கள் இரண்டு பக்கமும் தோளை அமுக்கினார்கள். "எந்த விரலால மவுஸை அமுக்குவ?" என்று கேட்டான். மவுஸைத் தானே பிடித்துப் பார்த்தான். "இதுவும் இதுவும். சரி, அது நமக்கு வேணும்."

சுண்டுவிரலைப் பிரித்து வைஸின் வாய்க்குள் வைத்தான். கைப்பிடியை அவன் மெதுவாகத்தான் திருகினான். முதலில் இறுக்கம், பிறகு சூடு, பிறகு உள்ளே ஏதோ ஒன்று ஈர விறகு போல முறிகிற சத்தம். அவள் அலறியது பக்கத்துப் பட்டறையில் இரும்பைக் கடைகிற சத்தத்தில் கரைந்து போனது. காளிதாஸ் இன்னும் கால் சுற்றுத் திருகிவிட்டு நிறுத்தினான்.

"அடுத்தது விரல் இல்ல," என்றான். "செல்வா கழுத்து. ஒண்ணு சாம்பிளுக்குப் பண்ணு, நான் உடைச்சுப் பாப்பேன். புடிச்சிருந்தா அப்புறம் நெசமானது."

போகும்போது ஷட்டரை முழுதாகத் தூக்கிவிட்டு, வெயில் உள்ளே விழுகிற மாதிரி ஒழுங்காக நிறுத்திவிட்டுப் போனான்.

அடி லோஷினிக்குப் புதிதல்ல. அவள் அப்பா ஐயாசாமி லோரி ஓட்டியவர். வெளியில் எல்லாரும் தங்கமான மனுஷன் என்பார்கள். வீட்டில் அவர் கை சும்மா இருந்த நாள் குறைவு. அம்மா செல்லத்தை அடித்து ஓய்ந்தால் செல்வா, அவனுக்குத் தண்ணீர்க் குழாயைத் துண்டாக வெட்டி வைத்திருப்பார். தம்பியைச் சுவரோரம் தள்ளி அவன் மேல் கவிழ்ந்து முதுகைக் காட்டுவாள் லோஷினி. குழாய் முதுகில் விழும்போது கீழேயிருந்து அவன் மூச்சு அவள் கழுத்தில் சூடாக அடிக்கும். பழைய லோரியின் பிரேக் மலைச்சரிவில் கைவிட்டு ஐயாசாமி செத்துப்போனபோது அவள் அழுதாள். ஏன் அழுதாள் என்று அவளுக்கே தெரியாது. செல்வா அழவில்லை. அடுத்த வருடம் அவன் காளிதாஸின் ஆளாகிவிட்டான். அடிக்கிறவர்கள் பக்கம் நின்றால் அடிபட வேண்டாம் என்று யாரோ சொன்னார்களாம்.

அவள் படித்து பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் வரைகிற வேலைக்குப் போனாள். அங்கேதான் ஒரு நாள், மூடி கழற்றிப் போட்டிருந்த இரண்டு பெரிய பல்சக்கரங்களுக்கு நடுவே ஒரு தொழிலாளியின் சட்டைக் கை மாட்டியது. சட்டையைத் தொடர்ந்து கை போனது. மனிதன் கத்தினான், சக்கரம் நிற்கவில்லை. மாவு பிசைவது போல நிதானமாகச் சுற்றியது. எல்லாரும் உறைந்து நின்றார்கள். ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தவள் லோஷினி. அவன் பிழைத்தான், தோளுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல். மறுநாளே அதே மெஷின் மூடியில்லாமல் ஓடியது. அவள் வேலையை விட்டுவிட்டுத் தனிக்கடை போட்டாள். அதற்குப் பிறகு கியர் வரையும்போது ஒரே ஒரு விஷயத்தில் அவளுக்குப் பிடிவாதம்: தான் வரைந்த பல், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் உடையக் கூடாது.

கிளினிக்கில் கதவில் மாட்டிக்கொண்டதாகச் சொன்னாள். டாக்டர் விரலைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், கட்டுப் போட்டார்.

சாயங்காலம் செல்வா வந்தான். கட்டைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"அலாமாக்... அவன் பேச மட்டும்தான் வர்றேன்னு சொன்னான் கா."

"அப்ப உனக்குத் தெரியும்."

"கேட்டுல வேலை இருக்குன்னு சொன்னேன். வீட்டுல கல்யாணம்னு சொன்னேன். சும்மா பேச்சுக்குச் சொன்னதுதான்." அவளுடைய கட்டுப் போடாத கையைப் பிடிக்க வந்தான். அவள் இழுத்துக்கொண்டாள்.

"போலீஸ் பாலாய்க்குப் போயிடலாம் வா," என்றாள்.

"போனா நான் ராத்திரி வீடு திரும்ப மாட்டேன். உனக்குத் தெரியாது கா அவன. போன வருஷம் ஒருத்தன் போலீஸ்கிட்ட வாய் தொறந்தான்னு..." விரலால் கழுத்தைக் கீறிக் காட்டினான். "பண்ணிக் குடுத்துடு. நான் மாட்டிடறேன். அவங்க எல்லாரும் கோயிலுக்குப் போற அன்னிக்குத்தான் உள்ள போவாங்களாம். ஆளில்லாத வீடு. யாருக்கும் அடிபடாது."

"நீ கூடப் போவியா?"

"ச்சே, நான் மாட்டிட்டு வந்துடுவேன்."

"சத்தியமா?"

"அம்மா மேல சத்தியமா கா."

அவன் போன பிறகு அவள் கணினி முன் உட்கார்ந்தாள். வலது கை துடித்ததால் மவுஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். மெய்யப்பன் வீட்டுச் சக்கரம் திரையில் சுற்றியது. நோஞ்சானாகச் செய்வது எவ்வளவு எளிது என்று பார்த்ததுமே தெரிந்தது. பல் சக்கரத்தோடு சேர்கிற அடி மூலையில் ஒரு சின்ன வளைவு இருக்கும். அதைக் கூர்மையாக்கினால் போதும், விசை எல்லாம் அங்கே போய்க் குத்தும். அச்சடிக்கும்போது உள்ளே தேன்கூடு போலக் காலியாக விடலாம். ஈரம் ஏறிய நைலானைக் காய வைக்காமல் போட்டால் இன்னும் நல்லது. அப்படியே ஒன்று செய்து காளிதாஸுக்குக் கொடுத்தாள். அவன் குறட்டால் ஒரு பல்லைப் பிடித்து நெம்பினான். பிஸ்கட் போல ஒடிந்தது. "ம்," என்றான். அந்தப் பல்துண்டைச் சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.

நிஜமானதை அவள் வேறு மாதிரி செய்தாள். அடி வளைவைப் பெருக்கினாள். உள்ளே ஒரு துளி காலியிடம் விடவில்லை. கார்பன் இழை கலந்த நைலானை நாள் முழுக்கச் சூட்டில் உலர்த்தி, அடுக்குகள் பல்லுக்குக் குறுக்கே ஓடாமல் பல்லோடு சேர்ந்து சுற்றுகிற மாதிரி படுக்க வைத்து அச்சடித்தாள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே முகம். செல்வாவின் கையில் அதை வைத்தபோது அவள் வாயைத் திறக்கவில்லை. தள்ளிப் பார்ப்பார்கள், திறக்காது, திட்டிக்கொண்டே திரும்பிப் போவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தாள். அதற்கப்புறம் காளிதாஸ் வந்தால் அவன் உடைப்பது தன் எலும்பாக இருக்கட்டும்.

மெய்யப்பன் குடும்பம் கோயிலுக்குப் போன காலையில் அவள் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தாள். கைபேசி அதிர்ந்தது. தாமான் குடியிருப்புக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் ஒரு வீடியோ. 'திருடன் மாட்டினான்' என்று தலைப்பு, பக்கத்தில் கைதட்டுகிற பொம்மைகள். ஒரு கேட் முன்னால் ஆட்கள் வட்டமாக நின்று கீழே எதையோ மிதித்துக்கொண்டிருந்தார்கள். கால்களுக்கு நடுவே ஒரு நீலச் சட்டை தெரிந்தது. முதுகில் ஆட்டோகேட் கடையின் பெயர் அச்சடித்த சட்டை. அதை நேற்றுத்தான் அம்மா துவைத்துக் காயப் போட்டிருந்தாள்.

கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் பறந்தாள். கட்டுப் போட்ட கையால் பிரேக் பிடிக்க முடியவில்லை. சந்திப்பில் எதிரே வந்த ஒரு காடியின் பக்கக் கண்ணாடியைத் தட்டிவிட்டு நிற்காமல் போனாள்.

அங்கே நடந்ததைப் பிறகு பலர் பலவிதமாகச் சொன்னார்கள். காளிதாஸ் செல்வாவை வீட்டிலிருந்தே வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். "நீ மாட்டினது, நீயே தள்ளு," என்றிருக்கிறான். தள்ளினார்கள். கேட் அசையவில்லை. எல்லாருமாகத் தோள் கொடுத்தார்கள். கீல் முனகியது, பல் விடவில்லை. காளிதாஸுக்கு வெறி ஏறி வேனைப் பின்னால் எடுத்து கேட்டில் மோதினான். அந்தச் சத்தத்துக்குத் தெரு முழுக்கக் கதவுகள் திறந்தன. முழங்கால் வலியென்று கோயிலுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்த மெய்யப்பன் இரும்புக் கம்பியோடு ஓடி வந்தார். புல் வெட்டுகிறவர்கள், பார்சல் கொடுக்க வந்தவன், ஓய்வு பெற்ற வாத்தியார், எதிர்வீட்டுப் பெண்கள் என்று எல்லாரும் வந்துவிட்டார்கள். காளிதாஸ் வேனை எடுத்துக்கொண்டு பறந்தான். அவனுடைய ஆட்கள் ஓடும் வேனில் தொற்றிக்கொண்டார்கள். செல்வாவும் கதவைப் பிடித்தான். உள்ளேயிருந்து எவனோ அவன் விரல்களை மிதித்து விடுவித்தான்.

அந்தத் தாமானில் அந்த வருடம் மூன்று வீட்டில் கொள்ளை. ஒரு வீட்டில் பாட்டியின் காது அறுபட்டது. அந்தக் கோபமெல்லாம் ஒரே ஆளின் மேல் இறங்கியது. ஹெல்மெட்டால் அடித்தார்கள், மண்வெட்டிக் காம்பால் அடித்தார்கள். வாத்தியார் தன் செருப்பால் அடித்தார். லோஷினி கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே விழுந்தபோது செல்வாவின் வாய் ஒரு பக்கமாகத் திருகிப் போயிருந்தது. இடது கண் இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு குழம்பு.

அவன் மேல் கவிழ்ந்தாள்.

"அடிக்காதீங்க! என் தம்பி! என் தம்பிங்க!"

"திருடனோட அக்காவா? அவளையும் போடு!"

முதல் அடி தோள்பட்டையில். அடுத்தது இடுப்பில், யாருடைய காலோ. ஒரு ஹெல்மெட் பின்மண்டையில் இறங்கியபோது கண்ணுக்குள் வெள்ளையாக மின்னியது. அவள் தலையை அவன் தலையோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். கீழேயிருந்து அவன் மூச்சு வந்தது, ரத்தத்தில் குமிழியிட்டு. தன் கழுத்தில் அந்தச் சூடு படும்வரை அவன் உயிரோடு இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே அடி வாங்கினாள். போலீஸ் காடியின் சைரன் கேட்ட பிறகும் கடைசியாக ஒருவன் எட்டி உதைத்துவிட்டுத்தான் போனான்.

மருத்துவமனையில் செல்வாவின் கண்ணை எடுத்துவிட்டார்கள். தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். கட்டிலின் காலோடு அவன் காலில் விலங்கு. லோஷினி இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். காளிதாஸின் பெயர், வைஸ், சாம்பிள், தான் செய்த மாற்றம், எதையும் விடவில்லை. பிறகு தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவனிடமும் சொன்னாள்.

"கேட்டு தொறக்காம இருந்ததுக்கு நான்தான் காரணம். கெட்டியா பண்ணினது நான்."

பேச முடியாத வாயோடு அவன் மீதமிருந்த கண்ணால் அவளை வெகுநேரம் பார்த்தான். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அது தலையில் விழுந்த ஹெல்மெட்டை விட வலித்தது.

காளிதாஸ் தலைமறைவாக இருந்தான். கடையைக் கொஞ்ச நாள் மூடி வை என்று ஆ லெங் சொன்னான். அவள் கேட்கவில்லை. வேலை செய்யாமல் உட்கார்ந்தால் அந்தக் குழம்பிய கண்தான் முன்னால் வந்து நின்றது.

அவன் வந்தது நண்பகலில். செம்பனை ஆலை ஒன்றுக்காக ஆ லெங் கடைந்து முடித்த எஃகு கியர் மேசை மேல் இருந்தது, கைக்குழந்தை கனத்தில். அவள் குனிந்து அதன் பல்லை அளந்துகொண்டிருந்தாள். வெளிச்சம் மங்கியதும் நிமிர்ந்தாள். வாசலை அடைத்துக்கொண்டு காளிதாஸ் நின்றான். சவரம் செய்யாத தாடி, கையில் பாராங் வெட்டுக்கத்தி.

"நல்லா பண்ணின தங்கச்சி," என்றான். "ரொம்ப நல்லா பண்ணின."

முதல் வெட்டை அவள் இடது கையால் தடுத்தாள். முழங்கைக்கு மேலே சதை பிளந்தது. வலி வரவில்லை, குளிர்ந்த தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. இரண்டாவது வெட்டு மானிட்டரில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. அவன் அதை இழுக்கிற நேரத்தில் அவள் எஃகு கியரின் நடுத்துளையில் வலது கையை விட்டு எடுத்து அவன் முழங்காலில் வீசினாள். கால் கோணலாக மடங்கியது. விழுந்தவன் மறுபடியும் பாராங்கைத் தேடினான். அவள் முகத்தில் அடித்தாள். கன்ன எலும்பு உள்ளே போவது கை வழியாகத் தெரிந்தது. இரண்டாவது தடவை அடித்தபோது அவன் பாராங்கைத் தேடவில்லை. மூன்றாவது தடவை அவன் கையைத் தூக்கி, வேண்டாம் என்று காட்டினான். அவள் அந்தக் கையையும் அடித்தாள். பிறகு எண்ணவில்லை. ஒவ்வோர் அடிக்கும் பற்களின் தடம் அவன் தோலில் வரிசையாகப் பதிந்தது. அவளுக்கு உள்ளே ஏதோ இளகி ஓடியது. நீண்ட தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி ஒரு சுகம்.

ஆ லெங் ஓடி வந்து பின்னாலிருந்து அவளைக் கட்டிப் பிடித்துத் தூக்கினான். "சுடா! சுடா லா, லோஷினி! மாத்தி டியா!" என்று கத்தினான். போதும், செத்துடுவான் என்று.

"இன்னும் ஒண்ணு," என்றாள் அவள். அவன் பிடியில் துள்ளிக்கொண்டே, "விடு, இன்னும் ஒண்ணே ஒண்ணு."

காளிதாஸ் சாகவில்லை. அவன் சொட்டுச் சொட்டாகக் குடித்து உயிர் வாழ்ந்த வாரங்களில், லோஷினியின் இடது கையில் தையல் போட்டார்கள், போலீஸ் வந்து கேள்வி மேல் கேள்வி கேட்டது. பாராங் அவன் கையில் இருந்ததற்குச் சாட்சிகள் இருந்ததால் அவள் மேல் வழக்குப் போடவில்லை. காளிதாஸின் மேல் பழைய வழக்குகளும் சேர்ந்துகொண்டன. அவன் இனி வெளியே வருவானா என்பது சந்தேகம். வந்தாலும் நேராக நடக்க மாட்டான்.

கடையைச் சுத்தம் செய்ய அம்மா செல்லம் வந்தாள். வாளியில் பினாயில் கரைத்து, முட்டி போட்டு, தரையில் காய்ந்திருந்த ரத்தத்தைத் தேய்த்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. பாதி தேய்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆ லெங் சொன்னான்," என்றாள். "அவன் கையத் தூக்கி வேணாம்னானாமே. அப்பறமும் அடிச்சியாமே."

லோஷினி ஆமென்று தலையை ஆட்டினாள்.

"உனக்கு உங்க அப்பா கை டி."

திட்டவில்லை, அழவுமில்லை. சொல்லிவிட்டு மறுபடி குனிந்து தேய்த்தாள். லோஷினி அந்த வார்த்தையோடு பல மாதங்கள் தூங்கினாள், எழுந்தாள். கோபம் வரும்போதெல்லாம் கையைப் பார்க்கிற பழக்கம் அதிலிருந்து வந்ததுதான்.

செல்வாவுக்குச் சிறையும் ரோத்தான் பிரம்படியும் கிடைத்தன. நீதிமன்றத்தில் மெய்யப்பன் சாட்சி சொன்னார். செல்வாவை யார் அடித்தது என்று கேட்டபோது, கூட்டத்தில் தெரியவில்லை என்றார். சொல்லும்போது அவர் செல்வாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே வந்து லோஷினியிடம் ஏதோ பேச வாயெடுத்தார். அவள் நின்றாள். அவரோ திரும்பி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கிப் போனார்.

சிறைக்குப் போனபோதெல்லாம் செல்வா பார்க்க மறுத்தான். அவள் விடாமல் போனாள். பேர் கொடுத்து, காத்திருந்து, இல்லை என்று கேட்டுவிட்டுத் திரும்புவாள். ரோத்தான் அடித்த வாரமும் போனாள். அவன் குப்புறத்தான் படுத்திருக்கிறான் என்று ஒரு காவலர் மட்டும் சொன்னார். அப்படி ஒரு வருடம் ஓடியது. பிறகு ஒரு நாள், உள்ளே வா என்றார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். இடது இமை மூடித் தைத்தது போல ஒட்டியிருந்தது. தாடை கொஞ்சம் ஒதுங்கி இருந்தது. ரிசீவரை எடுத்தான்.

"கை எப்படிக் கா இருக்கு?"

"சுண்டுவிரல நீட்ட வரல. வேலைக்குத் தடை இல்ல. உனக்கு?"

"ஒரு கண்ணு போதும் இங்க. பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

பக்கத்தில் யாரோ ஒரு குழந்தையைக் கண்ணாடியில் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணு சொல்லணும்," என்றான் செல்வா. "கேட்ட தள்ளும்போது அந்தப் பெரியவரு ஜன்னல்ல தெரிஞ்சாரு. ஆள் இருக்குண்ணே, போயிடலாம்னு நான் சொன்னேன். காளிதாஸ் சிரிச்சான். பாராங்க எடுத்தான். கெழவன்தானே, ஒரு போடு போதும்னான். அப்பத்தான் வேன எடுத்து மோதினான்." அவன் ரிசீவரை மாற்றிப் பிடித்தான். "தொறந்திருந்தா நான் கொலைகாரனா இருந்திருப்பேன். தூக்குல போட்டிருப்பாங்க. அது எனக்குத் தெரியும்."

லோஷினியின் கண் நிறைந்தது.

"அழாத. அதுக்காக உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத."

"நெனைக்கல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் நீ."

"சொல்லியிருந்தா நீ அவன்கிட்ட சொல்லியிருப்ப."

செல்வா யோசித்தான். ஒற்றைக் கண் கீழே போய், மேலே வந்தது. "ஆமா," என்றான். "சொல்லியிருப்பேன். பயம் எனக்கு." பிறகு, "என் மேல படுத்தியே அன்னிக்கு, எத்தனை அடி விழுந்துச்சு உனக்கு?"

"தெரியல டா."

"எனக்குக் கேட்டுச்சு. ஒவ்வொண்ணும் கேட்டுச்சு."

நேரம் முடிந்தது என்று காவலர் தோளைத் தட்டினார். செல்வா ரிசீவரை வைத்துவிட்டு எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போனான். ஆனால் கதவருகே ஒரு கணம் தயங்கி நின்றான்.

செல்லம் வெளியே, சிறை வாசலுக்கு எதிரே இருந்த கடையில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் மகளோடு வருவாள். உள்ளே மட்டும் வர மாட்டாள். மகனை அந்த உடுப்பில் பார்க்க முடியாது என்பாள். அவள் முன்னால் தேநீர் ஆடை கட்டிப் போயிருந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன்மா."

"வாய் தொறக்க வருதா அவனுக்கு? மெல்ல முடியுதா?"

"முடியுது. நல்லா பேசறான்."

செல்லம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சுருக்குப் பையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு எழுந்தாள்.

"அடுத்த தடவ நானும் உள்ள வர்றேன்," என்றாள்.